கிளப்புக்குத் துட்டி

1. கடையநல்லூர் சாலை

தென்காசியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு ஸ்பேனர் செட். விடிந்து அதிக நேரம் ஆகவில்லை. இடது கைப்பக்கம் மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. சாரல் சாலை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

எந்த ஊரை விட்டுக் கிளம்பினாலும் முதல் கொஞ்ச தூரம் நடந்துவிடுவது என் பழக்கம். பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். நடக்கிறவனுக்கு எதிரே வரும் லாரியைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். சூரத்தை அப்படித்தான் விட்டேன். கொல்லத்தையும் ஈரோட்டையும் அப்படித்தான் விட்டேன்.

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை ஏற்ற ஆள் கேட்டிருந்தார்கள். அந்த வேலைக்காகப் போனேன் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. மறுநாள் காலை மதுரையிலிருந்து தென்காசிக்கு ஒரு லாரி வர இருந்தது. நான் வேலை பார்த்த சேவைக் கிளப், நோயாளிகளுக்குக் கட்டில், வீல்சேர் எல்லாம் இரவல் கொடுக்கும். கிளப்பை மூடப் போகிறார்கள். அந்தச் சாமான்களை நான் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். எலுமிச்சை மூட்டை எத்தனை வேண்டுமானாலும் ஏற்றுவேன். இதை ஏற்ற எனக்கு மனசில்லை. சாமான் அறைச் சாவியையும் கிளப் போனையும் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

வெயில் ஏறியபோது ரோட்டோரக் கடை ஒன்றில் டீக்கு நின்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க கிளப்புல சாமான் குடுக்கிற ஆளுல்லா? எங்க அம்மைக்குக் கட்டில் கொண்டாந்து போட்டியளே."

"ஆமா. அம்மைக்கு இப்பம் எப்படியிருக்கு?"

"அம்மைய விடுங்க, அவ நல்லா நடந்து திரியுதா. நீங்க இங்கன என்ன செய்யுதிய? ஒங்க தலைவர் தவறிட்டாவளாமே!"

"எந்தத் தலைவர்?"

"பெயிண்டுக் கடை சுப்பையா அண்ணாச்சிதான். பஸ் ஸ்டாண்டுல ஃப்ளெக்ஸ் வச்சிருக்காவ. என் மச்சினன் பாத்துட்டு இப்பதான் போன் அடிச்சான். போட்டோ, குத்துவிளக்கு எல்லாம் இருக்காம்."

முந்தின நாள் சாயங்காலம்தான் அவர் என்னை நன்றாகத் திட்டிவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். குரலில் ஒரு குறையும் இல்லை. அவர் நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. போனையும் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். டீ கையிலேயே ஆறிப்போயிற்று. தென்காசிப் பக்கம் போகிற பஸ் வந்தது, ஏறிவிட்டேன். விட்டுவந்த ஊருக்கு நான் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை.

2. சேவை செய்யத் தெரியுமா?

இந்தக் கிளப்புக்கு நான் வந்துசேர்ந்ததே ஒரு வார்த்தையைத் தப்பாக விளங்கிக்கொண்டதால்தான்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நின்று படிக்கப் பொறுமை இல்லை. மில், முந்திரிக் கம்பெனி, லாரி, ஹோட்டல் என்று சுற்றினேன். சில நாள் சாப்பாடு கிடைக்கும், சில நாள் கிடைக்காது. கடைசியாகக் குற்றாலத்தில் சீசனுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை செய்தேன். அருவியில் தண்ணீர் நின்றால் எங்கள் வேலையும் நின்றுவிடும். ஒரு வருஷம் சீசன் சீக்கிரமே முடிந்துவிட்டது. லாட்ஜ் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு ஆட்டோக்காரர் சொன்னார்: "தென்காசில சேவைக் கிளப்புல ஆள் கேக்காவ. போய்ப் பாரும்."

என் காதில் அது எப்படி விழுந்தது என்று கேளுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்குக் கிளப் என்றால் சாப்பாட்டுக் கடை. காப்பி கிளப், கிளப்புக் கடை என்றுதான் சொல்வார்கள். சேவை என்றால் இடியாப்பம். ஆக, இடியாப்பம் போடுகிற ஹோட்டல். நடந்தே தென்காசிக்குப் போனேன். விலாசம் விசாரித்துக் கதவைத் திறந்தால், மாவும் இல்லை, அடுப்பும் இல்லை. சுவரோரமாகக் கட்டில்களும் சக்கர நாற்காலிகளும் நின்றன. பெயிண்ட் கறை பிடித்த சட்டையோடு ஒரு பெரியவர் ஒரு வீல்சேரைத் தலைகீழாகப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னவே வேணும்?"

"ஆள் கேட்டியளாமே."

"ஆமா. என்ன வேலை தெரியும்?"

"மாவு பிசைவேன். பரோட்டா சுமாரா அடிப்பேன்."

அவர் எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தார். "இங்கன யாருக்குவே பரோட்டா? இது சேவைக் கிளப்புவே, சேவை!"

"சேவையும் நல்லாப் பிழிவேன் அண்ணாச்சி. உரல் மட்டும் இருந்தாப் போதும்."

அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த செயலாளர் ஞானதுரை சாரைக் கூப்பிட்டு, "சார், இங்க வாங்க. நாம இத்தனை வருசமா இடியாப்பக் கடை நடத்திருக்கோம், நமக்கே தெரியல" என்றார். ஞானதுரை சார் ஓய்வு பெற்ற வாத்தியார். சிரிக்கவில்லை. "கிளப் என்ற சொல் இந்த வட்டாரத்தில் அப்படி வழங்கியது உண்மைதான்" என்று எனக்குப் பரிந்து பேசினார். அன்றைக்கே அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துவிட்டது.

சுப்பையா அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "கடைசியா எங்க வேலை பாத்தீரு?"

"குற்றாலத்துல எண்ணெய் தேச்சேன்."

"அப்பம் ஆளத் தூக்கத் தெரியும்லா? நோவாமத் தூக்கணும், திருப்பணும்."

"அது தெரியும்."

"போதும்வே. நீருதான் ஆளு. பேரு என்ன?"

"பேச்சிமுத்து."

"எந்த ஊரு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் பதில் இருந்ததில்லை. "சுத்திக்கிட்டே இருக்கேன்" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

3. இரவல்

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கிளப் என்னென்னவோ செய்திருக்கிறது. கண் சிகிச்சை முகாம் நடத்தியது. சீசனில் அருவிக்கரையில் முதலுதவிக் கூடாரம் போட்டது. எல்லாவற்றிலும் நிலைத்து நின்றது சாமான் அறைதான். தலைமாட்டைத் தூக்கி இறக்கும் கைப்பிடி உள்ள ஃபௌலர் கட்டில், படுக்கைப் புண் வராமல் இருக்க வாட்டர் பெட், வாக்கர், கமோட் சேர், ஆக்ஸிஜன் மிஷின், ஐஸ் பெட்டி. யார் கேட்டாலும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், வீட்டில் போட்டு, ஆளைத் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு வருவது என் வேலை. வாடகை கிடையாது.

முதல் நாள் அண்ணாச்சி சொன்னார்: "எப்பம் திருப்பித் தருவியன்னு மட்டும் எந்த வீட்டுலயும் கேட்டுராதயும்."

ஏன் என்று கேட்டேன்.

"கட்டில் ரெண்டு விதமாத்தான்வே திரும்பி வரும். ஆளு எந்திரிச்சாலும் வரும், போனாலும் வரும். நீரு கேட்டா அவங்க எதை நினைப்பாவ?"

அதிலிருந்து நான் கேட்டதில்லை. யாரும் கட்டிலை அமுக்கிக்கொண்டதும் இல்லை.

இன்னொன்று, தானம் என்ற வார்த்தையை வாயில் எடுக்கக் கூடாது. குற்றாலத்தில் பழக்கடை போடும் மாரித்தாய் அக்கா இதை எனக்குப் புரியவைத்தாள். அவள் வீட்டுக்காரர் பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். கட்டிலை வாசலில் இறக்கியதும் மறித்துக்கொண்டாள்.

"எவ்வளவு?"

"ஒண்ணும் வேண்டாம்க்கா."

"சும்மா வாங்கிப் போடுறதுக்கு நாங்க என்ன கையேந்திக்கிட்டா நிக்கோம்? எடுத்துக்கிட்டுப் போரும்."

நான் கட்டிலை எடுக்கவில்லை. "இது இரவல்க்கா. பக்கத்து வீட்டுல ஏணி வாங்குவிய, வேலை முடிஞ்சா குடுத்துருவிய. அப்படித்தான்" என்றேன். "இரவல்னா சரி. இரவல்னு முதல்லயே சொல்ல வேண்டியதுதான மூதி" என்று வழிவிட்டாள். அவர் எழுந்து நடந்தபின், கட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, கால்மாட்டில் மல்லிகைச் சரம் சுற்றி அனுப்பியிருந்தாள்.

அறையில் சாமான் எப்படிப் பெருகியது என்றும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் படுக்கையில் கிடந்து போய்விட்டால், அவருக்கென்று வாங்கிய கட்டிலையும் மெத்தையையும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். விற்கவும் கை கூசும். எங்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். புளியங்குடி எலுமிச்சை மண்டி முதலாளி ஒருவர் தன் அப்பாவுக்கு எங்கள் வாட்டர் பெட்டைத்தான் முதலில் வாங்கிப்போனார். பிறகு புதிதாக ஒன்று சொந்தமாகவே வாங்கினார். அப்பா போனதும் இரண்டையும் காரில் கொண்டுவந்து இறக்கினார். "எங்கப்பா படுத்தது. நல்ல மனுசருக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்து அழுதார். இப்படிச் சேர்ந்ததுதான் பாதிக்கு மேல்.

இது எனக்குத் தெரியும். ஆனால் அண்ணாச்சி இதை வேறு மாதிரி பார்த்தார் என்பது கிளப்பை மூடுகிற பேச்சு வந்தபோதுதான் தெரிந்தது.

4. லாரியா, நிதியமா

கிளப்பில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. உறுப்பினர்களின் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். இருந்தவர்களில் வயது குறைந்தவருக்கே மூட்டு ஆபரேஷன் ஆகி, எங்கள் வாக்கரையே இரவல் வாங்கிப்போயிருந்தார். இத்தனை பேராவது இல்லாவிட்டால் கிளப் நடத்த முடியாது என்று மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். சந்தா நின்றால் அறை வாடகை நின்றுவிடும். டீசலும் நின்றுவிடும். நானும் நின்றுவிடுவேன்.

ஞானதுரை சார் ஒரு வழி சொன்னார். "ஊர் நிதியம் ஒண்ணு ஆரம்பிப்போம். ஊர்க்காரங்க முடிஞ்சதைப் போடட்டும். அந்த முதல் பேங்குல கிடக்கும், யாரும் தொடக் கூடாது. வட்டியில வாடகை, ரிப்பேர், டீசல், பேச்சிமுத்து சம்பளம். கிளப் போனாலும் கிளப் செஞ்ச காரியம் போகாது. ஆனா நடத்துறது ஊர்க்காரங்களா இருக்கணும்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "யாரு சார் வருவா? இத்தனை காலம் நாம குடுத்தோம், அவன் வாங்குனான். குடுத்தவனுக்குத்தான் ஞாபகம் இருக்கும். வாங்குனவன் அன்னைக்கே மறந்திருப்பான். சவத்த விடுங்க."

எதற்கெடுத்தாலும் "சவத்த விடு" என்பது அவர் வழக்கம். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லும்போது அவர் முகம் சரியில்லை. தன் ஆயுளில் பாதியை அந்த அறையில் போட்ட மனுஷர். ஊர் அதைக் கவனித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பயந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. ஊரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுவது. ஆட்கள் வந்து பொறுப்பெடுத்தால் நிதியம். வராவிட்டால் மறுநாள் காலை லாரி. மதுரையில் ஒரு பெரிய டிரஸ்ட் எல்லாச் சாமானையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. நல்ல டிரஸ்ட்தான். ஆனால் மாரித்தாய் அக்கா மதுரைக்குப் போய்க் கட்டில் கேட்பாளா?

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணாச்சி என்னிடம், "நாளைக்கு எவனும் வர மாட்டான். நாளன்னைக்குக் காலைல நீரு நின்னு ஏத்திக் குடுத்துரும்" என்றார்.

"நான் ஏத்த மாட்டேன் அண்ணாச்சி."

"பின்ன நானா ஏத்துவேன்? என் இடுப்பைப் பாரும்வே! சம்பளம் வாங்குதீருல்லா?"

அதற்கு மேலும் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் விடிந்ததும் என் கால் கடையநல்லூர் சாலைக்குப் போய்விட்டது.

5. துட்டி கேட்க வந்தவர்கள்

பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். ஃப்ளெக்ஸ் எதிரேயே இருந்தது.

எழுத்தில் ஒரு தப்பும் இல்லை. ஞானதுரை சார் எழுதிக்கொடுத்தது அல்லவா. "நினைவு நிதியம்" என்று மேலே பெரிதாக. கிளப்பின் சேவையை நினைவுகூர்ந்து ஊர் நிதியம் தொடங்குகிறோம், இன்று மாலை நான்கு மணிக்கு அனைவரும் வருக என்று கீழே பொடியாக. ஃப்ளெக்ஸ் கடைப் பையன் "நினைவு" என்ற வார்த்தையைப் பார்த்திருக்கிறான். கம்ப்யூட்டரில் தயாராக இருந்த அச்சை எடுத்திருக்கிறான். நான்கு மூலையிலும் ரோஜா, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, பின்னால் மேகம். நடுவில், தலைவர் என்ற முறையில், அண்ணாச்சியின் கறுப்பு வெள்ளைப் போட்டோ. எங்கள் ஊரில் அந்த அலங்காரத்தைப் பார்த்தபின் கீழே யாரும் படிப்பதில்லை. பெயர் தெரிந்தால் போதும், துட்டி கேட்கக் கிளம்பிவிடுவார்கள். சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைத்தான் நாங்கள் துட்டி என்போம். அதற்கு யாரும் சாயங்காலம் நான்கு மணி வரை காத்திருக்க மாட்டார்கள்.

முதலில் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்து, "யாருக்குத் துட்டி? அவிய உள்ள உக்காந்து இட்டிலி தின்னுக்கிட்டிருக்காவ" என்றிருக்கிறார். அண்ணாச்சி கை கழுவக்கூட நிற்காமல் ஞானதுரை சாரைப் பிடிக்கக் கிளப்புக்கு ஓடியிருக்கிறார். கூட்டமும் பின்னாலேயே வந்துவிட்டது.

நான் போனபோது கிளப் இருக்கும் தெரு அடைத்துக் கிடந்தது. பைக், ஆட்டோ, ஆலங்குளத்திலிருந்து வந்த வேன். எல்லார் கையிலும் மாலை. புதிதாக வருகிறவர்களுக்கு விஷயம் தெரியாது. சத்தம் போடாமல் வந்து, யாரையும் முகம் பார்க்காமல், ஓரமாக நின்றார்கள். சாவு வீட்டில் வாங்க என்று கூப்பிடுவதும் இல்லை, போய்வருகிறேன் என்று சொல்வதும் இல்லை அல்லவா. ஆகவே யார் எதற்கு வந்தார் என்று யாரும் யாரையும் கேட்கவும் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். நாற்காலியெல்லாம் வெளியே போய்விட்டதால் அண்ணாச்சி ஒரு வீல்சேரில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு. என்னையும் என் தோள் பையையும் பார்த்தார்.

"எங்கவே போயிருந்தீரு? நான் செத்தா தூக்குறதுக்கு ஆளு வேண்டாமா?"

"அதுக்குத்தான் திரும்பி வந்தேன் அண்ணாச்சி."

"பையை வையும்."

வைத்தேன். ஞானதுரை சார் ஒரு ஓரத்தில் வேர்த்துப்போய் நின்றார். "ஒரு எழுத்துப் பிழை காட்டுங்க, நான் ஒத்துக்கிடுதேன்" என்றார்.

"எழுத்தை எவன் சார் படிக்கான்? விளக்கு எரியுதா, போட்டோ இருக்கா, ஆளு முடிஞ்சான். அவ்வளவுதான்!"

அந்த நேரம் பார்த்து மாரித்தாய் அக்கா தலையில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "எங்களக் காப்பாத்துன மகராசா..." என்று ஆரம்பித்தவள், மகராசா வீல்சேரில் திரும்பிப் பார்த்ததும் அலறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, சிரித்து, அழுது, எல்லாம் ஒரே மூச்சில் செய்தாள். "இப்படிச் செத்ததாப் பேரு வந்தாத்தான் ஆயுசு கெட்டி. அண்ணாச்சி இனி நூறு வயசு இருப்பாவ" என்றாள்.

"இந்த இடுப்போடயா? வேண்டாம் தாயீ."

விஷயம் தெருவரைக்கும் பரவி, துட்டி முகங்கள் எல்லாம் சிரிப்பாயின. ஆனால் ஒருவரும் நகரவில்லை. காரணம் மாலை. சாவுக்கு என்று வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. ரோட்டில் எறியவும் மனசு வராது. புளியங்குடி மண்டி முதலாளி ஆளுயர ரோஜா மாலையோடு நடுவில் நின்று விழித்தார். "இதை என்ன செய்ய?"

"என் கழுத்துலதான் போட்டுரும். ஆசையா வாங்கிட்டு வந்திருக்கீரு" என்றார் அண்ணாச்சி.

"அந்த வண்டில போடுங்களேன்" என்று யாரோ வீல்சேரைக் காட்டினார்கள்.

மாரித்தாய் அக்கா எழுந்துவிட்டாள். "சீக்காளி உக்காருற வண்டில சாவு மாலையா? எவன்லே அது சொன்னது?"

அண்ணாச்சி கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். கிளப்பின் பெயர்ப்பலகை அங்கே தொங்கியது. பெயிண்ட் கடைக்காரர் என்பதால் வருஷா வருஷம் அவரே எழுதிப் புதுப்பித்த பலகை.

"செத்தது நான் இல்ல. அந்தா தொங்குதுல்லா, அதுதான். அதுக்குப் போடுங்க."

யாருக்கும் விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். கிளப் இன்றைக்கு முடிகிறது. நாளைக் காலை லாரி வருகிறது. சாமான் மதுரைக்குப் போகிறது. அதுவரை சிரித்தவர்களின் முகத்தில் இப்போதுதான் உண்மையான துட்டி வந்தது.

மாரித்தாய் அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க கட்டிலையா?"

"ஒங்க கட்டிலா?" அண்ணாச்சி புரியாமல் பார்த்தார்.

"என் வீட்டுக்காரர் படுத்து எந்திரிச்ச கட்டிலு. இரவல்னு சொல்லித்தான தந்திய. எங்களுக்கு நாளைக்கு வேணும்னா எங்க வாங்க?"

மண்டி முதலாளிக்குக் குரல் ஏறிவிட்டது. "எங்கப்பா படுத்த பெட்டு உள்ள கிடக்கு. நான் கொண்டாந்து குடுத்தது. எங்களக் கேக்காம எப்படி அண்ணாச்சி மதுரைக்கு அனுப்புவிய? ஒங்க ஒருத்தர் சொத்தா அது?"

"எங்க ஆத்தா நாற்காலியும் இருக்கு", "எங்க மாமா வாக்கர்" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. ஊர்க்காரர்கள் அண்ணாச்சியோடு சண்டை போட்டார்கள். ஊர் தன்னைத் திட்டத் திட்ட அவர் முகம் தெளிந்துகொண்டே வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாங்கினவன் மறந்திருப்பான் என்றாரே, அவன் மறக்கவில்லை. அது தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஞானதுரை சார் தொண்டையைக் கனைத்தார். "அதுக்குத்தான் நிதியம். எல்லாம் ஃப்ளெக்ஸ்ல கீழ எழுதியிருக்கேன். படிச்சாத்தான?"

அவர் நின்ற இடத்திலேயே விளக்கினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மண்டி முதலாளி கேட்டார்: "சரி, செத்தாச்சு. வாரிசு யாரு? வாரிசு இருந்தா உருமா கட்டணும்லா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் சாவு நடந்த பதினாறாம் நாள் வாரிசுக்குத் தலைப்பாகை கட்டுவார்கள். அதுதான் உருமா. இனி வீட்டுப் பொறுப்பு உன் தலையில் என்று அர்த்தம். சொந்தபந்தம் எல்லாம் அன்றைக்கு மொய் செய்யும்.

"அதெல்லாம் பதினாறுலதான்" என்றார் சார்.

"ஆளு செத்தாத்தான் சார் பதினாறு. லாரி நாளைக்கு வருதுல்லா? இன்னைக்கே கட்டிருவோம். யாரு தலைல கட்ட?"

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். "என்னப் பாக்காதிய. நான் செத்த வீட்டுக்காரன்" என்றார். "வாரிசு ஊருதான். ஊரு தலைல எப்படிக் கட்டுறதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஒருவர் தலையில் கட்டினால் நிதியம் அவர் தெருவுக்குப் போய்விடும், ஜாதிக்குப் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சியே சுற்றும் முற்றும் பார்த்தார். என் மேல் கண் வந்து நின்றது.

"இவனுக்கு எந்த ஊரும் கிடையாது. அப்பம் எல்லா ஊருக்கும் பொது. இவன் தலைல கட்டுங்க."

மண்டி முதலாளி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் சுற்றினார். எலுமிச்சை வாசனை அடித்தது. மாலைகள் எல்லாம் பெயர்ப்பலகைக்கு ஏறின. பலகை மறைந்து, வெறும் பூவாகத் தெரிந்தது. மாரித்தாய் அக்கா குலவை போட வாயெடுத்து, சாவுக்குப் போடலாமா என்று சந்தேகம் வந்து நிறுத்திவிட்டாள். பிறகு "சவத்த விடு" என்று அண்ணாச்சி மாதிரியே சொல்லிவிட்டுப் போட்டாள்.

மொய் எழுத ஞானதுரை சார் உட்கார்ந்தார். நான்கு மணிக் கூட்டத்துக்கு முன்பே நிதியம் ஆரம்பித்துவிட்டது. பணம் போட்டவர்கள் போட்டார்கள். ஆட்டோக்காரர்கள் முறை வைத்து வண்டி ஓட்டுகிறோம் என்றார்கள். ஒரு வெல்டிங் கடைக்காரர் கட்டில் ரிப்பேர் தன் பொறுப்பு என்றார். நிதியத்தை நடத்த அன்றைக்குப் பொறுப்பெடுத்தவர்களில் மாரித்தாய் அக்காவும் ஒருத்தி. இன்றைக்கும் கூட்டங்களில் அதிகம் சண்டை போடுகிறவள் அவள்தான்.

அண்ணாச்சி வீல்சேரைத் தானே உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "எழவு வீடு மாதிரியாவே இருக்கு இது?" என்றார் என்னிடம்.

"இல்ல அண்ணாச்சி."

"நல்ல ஃப்ளெக்ஸ்வே" என்றார்.

6. மறுநாள் காலை

லாரி வரவில்லை. சார் போன் செய்து சொல்லிவிட்டார்.

நான் பல வேலைகள் பார்த்தவன். பெரும்பாலும், வேலை யாருடையது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. ஒரு காரியம் நிலைக்க வேண்டுமானால் கொடுக்கிறவர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதாது, வாங்குகிறவர்கள் அது தங்களுடையது என்று சண்டைக்கு வர வேண்டும். அண்ணாச்சியோடு சண்டை போட ஒரு ஊரே இருந்தது. இந்த நிதியத்தில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு வேறு பெரிய விஷயம் தெரியாது.

காலையில் முதல் வேலையாக ஃப்ளெக்ஸை இறக்கினேன். அண்ணாச்சி முகம் உள்பக்கம் வருமாறு மடித்துக் குட்டியானையில் மழைத் தார்ப்பாயாகப் போட்டேன். நல்ல கனமான ஷீட். இன்றைக்கும் அதுதான் கட்டில் நனையாமல் காக்கிறது. உருமாத் துண்டை நன்றாகத் துவைத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். புளியங்குடிக்குப் போகிற யோசனையை அப்படியே விட்டுவிட்டேன்.

குற்றாலத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். மாடிப்படியில் விழுந்த பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். ஃபௌலர் கட்டிலை ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் சாரல். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவருடைய மகள் வெளியே வந்தாள்.

"எங்கேருந்து வாறிய?"

இத்தனை வருஷமும் இந்தக் கேள்விக்குக் "கிளப்புலேருந்து" என்பேன். வாய் அதற்குத்தான் திறந்தது. கிளப் இப்போது இல்லை. நிதியம் என்றால் அவளுக்கு விளங்காது.

"ஊர்லேருந்து வாறேன்" என்றேன்.

"எந்த ஊரு?"

"இந்த ஊருதாம்மா" என்றேன். தார்ப்பாயை விலக்கினேன். "அந்தத் தலைமாட்டைக் கொஞ்சம் பிடிங்க, இறக்கிருவோம்."